கான்கிரீட் சும்மா இருந்த நாட்கள்

கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து சென்ட்ரிங் மேஸ்திரிக்குப் பெரிதாக வேலை இருக்காது. தளத்தைத் தாங்கும் முட்டுகள் நின்றது நின்றபடி நிற்க வேண்டும். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு ஆள் போதும். முப்பது வருஷமாக மேஸ்திரி தன் வீட்டுக் காரியங்களை எல்லாம் இந்த இடைவெளியில்தான் செய்து வந்தார். மகள் கல்யாணம் ஒரு பள்ளிக்கூடத் தளம் காய்ந்துகொண்டிருந்தபோது நடந்தது. அப்பாவை அடக்கம் செய்தது ஒரு தண்ணீர்த் தொட்டி காய்ந்துகொண்டிருந்தபோது.

இந்த முறை மனைவிக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, நாலு மாதம் வரிசையில் காத்திருந்து கிடைத்த தேதி. புது நூலகத்தின் வாசிப்பு மண்டபத்துக்குக் கூரைத் தளம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் அது ஒன்பதாம் நாள். மண்டபத்தின் நடுவில் தூண் கிடையாது. பீம் ஒவ்வொன்றும் எட்டு மீட்டர். இருபத்தொரு நாள் முட்டில் கை வைக்கக் கூடாது என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தது. ஒன்பதாம் நாள் வசதியாக நடுவில் வந்து விழுந்தது. மேஸ்திரி சைட் இன்ஜினியரிடம் போய் மூன்று நாள் லீவு கேட்டார்.

"என்னால குடுக்க முடியாது மேஸ்திரி. முன்ன மாதிரி இல்ல இப்போ. காலத்திட்டப் பிரிவுக்குப் போய் தளர்வுச் சீட்டு வாங்கிட்டு வாங்க" என்றார் இன்ஜினியர்.

"தளர்வுன்னா?"

"உங்க வேலைல எத்தனை நாள் கையிருப்பு இருக்குன்னு அவங்க கணக்குப் போட்டுச் சொல்லணும். அந்தச் சீட்டு இருந்தாத்தான் லீவு."

பொதுக் கட்டட வாரியத்தின் காலத்திட்டப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. அறையின் மூன்று சுவர்களையும் நூலகத்தின் கால அட்டவணை மூடியிருந்தது. நாலாவது சுவரில் ஒரு பெரிய ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் நூலகம் கட்டும் இடம் நன்றாகத் தெரியுமாம். அட்டவணை மூன்று சுவரில் அடங்காததால் அந்த ஜன்னலையும் மூடி ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகலில் டியூப் லைட் எரிந்தது.

தளர்வு அதிகாரி மரியாதையான மனிதர். மேஸ்திரியை உட்காரச் சொன்னார்.

"பாருங்க. ஒரு வேலையைச் சீக்கிரமா எப்ப ஆரம்பிக்க முடியும்? அது ஒரு தேதி. திறப்பு விழா தள்ளிப்போகாம இருக்கணும்னா, கடைசியா எப்ப ஆரம்பிச்சாப் போதும்? அது இன்னொரு தேதி. பின்னதுல முன்னதைக் கழிச்சா வர்றது தளர்வு."

"புரியுது சார். எட்டரைக்கு பஸ்ஸு. ஏழு மணிக்கே கிளம்பலாம், எட்டு மணிக்குக் கிளம்பினாலும் பிடிச்சிடலாம். நடுவுல இருக்கற ஒரு மணி நேரம்."

அதிகாரியின் முகம் லேசாக வாடியது. அவருக்கு அது மூன்று மாதப் பயிற்சி.

"அவ்வளவு லேசு இல்ல" என்று சொல்லிவிட்டு, கணினியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் திரும்பினார். "இவர் எந்தப் பணி எண்?"

"நூத்தி நாப்பத்தேழு சார். காய்தல். இருபத்தோரு நாள்."

"ஆட்கள்?"

"பூஜ்யம்."

"இயந்திரம்?"

"பூஜ்யம் சார்."

அதிகாரி நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "இருபத்தோரு நாளும் யாரும் வேலை செய்யலையா? அப்ப யார்தான் செய்யறாங்க?"

"கான்கிரீட்டுங்க" என்றார் மேஸ்திரி.

"அது யாருக்குக் கீழ வருது?"

கான்கிரீட் யாருக்குக் கீழேயும் வருவதில்லை, யாரும் அதற்குக் கீழே வராமல் இருந்தால் போதும் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை. லீவு கேட்க வந்த இடம்.

"கான்கிரீட்டு இறுகணும் சார். பார்த்தா சும்மா இருக்கற மாதிரிதான் இருக்கும். ஆனா உள்ள வேலை நடந்துகிட்டே இருக்கும்."

"பதினெட்டு வருஷமா ஆபீஸ்ல எல்லாரும் என்கிட்ட இதையேதான் சொல்றாங்க" என்றார் அதிகாரி. பிறகு கணினிப் பெண்ணைப் பார்த்து, "இந்த வருஷம் எத்தனை நாள் மீட்டிருக்கோம்?" என்று கேட்டார்.

வாரியம் ஆண்டுக்கு நூறு நாள் மீட்க வேண்டும் என்று தலைமை இயக்குநர் இலக்கு வைத்திருந்தார். எங்கெங்கே நாட்கள் வீணாகக் கிடக்கின்றனவோ அங்கிருந்து எடுத்து அட்டவணையைக் குறுக்குவதற்குப் பெயர் மீட்பு.

"எண்பத்தாறு சார்."

அதிகாரி எழுந்து நின்றார். மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க மூணு நாள் கேட்டு வந்தீங்க. உங்களால எனக்குப் பதினாலு நாள் கிடைச்சிருக்கு!"

காய்தல் இருபத்தொரு நாளிலிருந்து ஏழு நாளானது. கணினிப் பெண் ஒரு பொத்தானைத் தட்டியதும் சுவரில் மாற்ற வேண்டிய எழுபது கட்டங்களின் பட்டியல் அச்சாகி வந்தது.

"ஏன் சார் ஏழு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இருபத்தொண்ணுல பதினாலு போனா ஏழுதானே?"

"அந்தப் பதினாலுல எனக்கு மூணு..."

"தளர்வு உங்களோடது இல்ல மேஸ்திரி. பாதையோடது. பாதைல யாருக்கு வேணுமோ அவங்களுக்குப் போகும். இப்ப உங்க பாதைல ஒரு நாள்கூட இல்ல. எட்டாம் நாள் முட்டுப் பிரிக்கறீங்க, ஒன்பதாம் நாள் டைல்ஸ்காரங்க இறங்கறாங்க. லீவுக்கு வாய்ப்பே இல்லையே!" அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மேஸ்திரி படியிறங்கி வந்தார். மூன்று மாடிக்கும் மூன்று முறை நின்றார். கேட்காமலேயே லீவு எடுத்திருந்தால் அந்தக் கட்டம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சைட் இன்ஜினியர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினார். ஏழு நாளில் பிரித்தால் தளம் தாங்காது என்று அடிக்கோடு போட்டு எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, அதற்கு ஒரு எண் வழங்கப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது.

"இப்ப என்ன சார் செய்யறது?"

"நம்ம கடமையைச் செஞ்சாச்சு மேஸ்திரி. நம்பர் வந்திருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு இரண்டு வருஷத்தில் ஓய்வு.

மூன்றாம் நாள் மாலை கூட்ட அரங்கில் நூறாவது நாள் விழா நடந்தது. மேஸ்திரியை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தலைமை இயக்குநர் அரை மணி நேரம் பேசினார்.

"நான் இந்த நாற்காலிக்கு வந்தப்ப எல்லாக் கட்டடமும் தாமதம். இன்னைக்கு ஒண்ணுகூடத் தாமதம் இல்ல. எப்படிச் செஞ்சோம்? தாமதமான கட்டடத்தை எல்லாம் புது அட்டவணைக்கு மாத்தினோம். புது அட்டவணைல அது முதல் நாள்!" கைதட்டல். "சிலர் கேக்கறாங்க, கட்டடம் முடியலையேன்னு. கட்டடத்தை முடிக்கறது கட்டடப் பிரிவோட வேலை. நேரத்துக்கு முடிக்கறதுதான் நம்ம வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. நான் இதுவரைக்கும் ஒரு கட்டடத்துக்குள்ளயும் கால் வச்சதில்ல. வச்சா மனசு இளகிடும். அட்டவணைக்கு இளகின மனசு ஆகாது."

மேஸ்திரிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'தளர்வைச் சுட்டிக்காட்டியவர்' என்று அதில் அச்சடித்திருந்தது. அதை வாங்கிய கையோடு அவர், "ஐயா, பீம் எட்டு மீட்டருங்க. ஏழு நாள்ல பிரிச்சா இறங்கிடும்" என்றார்.

இயக்குநர் புன்னகை மாறாமல் தளர்வு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மேஸ்திரியை மேடையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

"ஆட்சேபம் இருந்தா தாராளமா குடுங்க. அது உங்க உரிமை. பரிசீலிக்க ஒன்பது நாள் ஆகும். பிரிக்கறதுக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. ஆக, உங்க ஆட்சேபத்துக்குத் தளர்வு மைனஸ் நாலு."

"மைனஸ் நாலுன்னா?"

"இன்னைக்குக் கேக்கறதை நாலு நாள் முன்னாடியே கேட்டிருக்கணும்."

"நாலு நாள் முன்னாடி கான்கிரீட்டே போடலையே சார்."

"அப்பவே கேட்டிருந்தா எவ்வளவு சுலபமா இருந்திருக்கும் பாருங்க!"

வீட்டில் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார்.

"எட்டாம் நாள் பிரிச்சா கூரை விழுந்திருமா?"

"விழாமயும் இருக்கலாம்."

"அதைக் கேக்கல. கீழ நம்ம மகளை உக்கார வைப்பீங்களா?"

மேஸ்திரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அப்ப பிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் துண்டை மடித்தாள். "எனக்கு வயித்துவலி இன்னும் நாலு மாசம் இருந்தாலும் பரவாயில்ல. தேதியை மாத்திக்கலாம்."

பரவாயில்லை என்று சொல்லும்போதே அவள் ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டதை அவர் பார்த்தார். இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார்.

ஆறாம் நாள் அவர் மறுபடி மூன்றாம் மாடிக்குப் போனார். அதிகாரி இல்லை. கணினிப் பெண் மட்டும் இருந்தாள். மேஸ்திரி நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து அவள் தலையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இங்கேர்ந்து யாரும் சைட்டுக்கு வரமாட்டாங்க. எட்டாம் நாள் சாயங்காலம் நீங்க ஒரு தாள்ல 'பிரிப்பு முடிஞ்சது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினா நான் அந்தக் கட்டத்தைப் பச்சையாக்குவேன். அவ்வளவுதான். பச்சையான கட்டத்தை யாரும் திரும்பிப் பாக்கறதில்ல."

"டைல்ஸ்காரங்க வருவாங்களே?"

"அவங்களும் எழுதி அனுப்புவாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க ஐயா. இந்தச் சுவர்ல இருக்கற பச்சைல பாதி அப்படி வந்ததுதான்."

முப்பது வருஷத்தில் மேஸ்திரி செய்யாத வேலையைச் செய்தேன் என்று எழுதியதில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் எழுதினார். முட்டுகள் தொண்ணூற்றாறும் அப்படியே நின்றன. சுவரில் கட்டம் பச்சையானது. தன் ஆட்களில் நம்பிக்கையான ஒருவனைத் தண்ணீர் கட்ட வைத்துவிட்டு, மறுநாள் காலை மனைவியுடன் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பத்து மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போடுவார்கள், முழித்துக்கொண்டுதான் இருப்பாள், பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொன்னாள். தள்ளுவண்டியில் போகும்போது மனைவி, "இங்கயே இருங்க" என்றாள்.

"எங்க போகப்போறேன்?" என்றார் மேஸ்திரி.

பத்தேகாலுக்கு போன் வந்தது. தண்ணீர் கட்டுகிறவன்.

"மேஸ்திரி, டைல்ஸ்காரங்க வந்துட்டாங்க. பதினோரு பேரு. முட்டைப் பாத்துட்டு அவங்க மேஸ்திரி ஆபீஸுக்கு போன் போட்டாரு. அங்க, முட்டு நேத்தே பிரிச்சாச்சு, சார்ட்ல இல்ல, உங்க தளர்வு பூஜ்யம், உடனே வேலையை ஆரம்பிங்கன்னு சொல்லிட்டாங்களாம். இவங்களே பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க."

"இன்ஜினியர் எங்க?"

"காலைலேர்ந்து காணோம்."

மேஸ்திரி நர்ஸிடம் ஓடினார். "எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்."

அவர் கணக்குப் போட்டார். இரண்டு மணி நேரம் அவள் உள்ளே. சைட்டுக்குப் போக இருபது நிமிஷம், திரும்ப இருபது நிமிஷம். பத்து முப்பத்தைந்துக்குப் போய்ச் சேரலாம். பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பினாலும் போதும், அவள் வெளியே வரும்போது வாசலில் நிற்கலாம். கையில் ஒரு மணி ஐந்து நிமிஷம் இருந்தது. அதிகாரி சொல்லிக்கொடுத்தபடியே கழித்துப் பார்த்தார். விடை சரியாகத்தான் வந்தது. அவர் கிளம்பினார்.

அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கிழக்குப் பக்கம் இருபத்திரண்டு முட்டுகள் தரையில் கிடந்தன. டைல்ஸ் ஆட்கள் அதற்குக் கீழேயே குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் மேஸ்திரி இருபத்துமூன்றாவது முட்டின் அடிக்கட்டையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! எல்லாரும் வெளிய போங்க!"

"நேத்தே பிரிச்சாச்சுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்று அவர் கோபமாகத் திரும்பினார். "எனக்கு ஒரு மணி நேரம்கூடத் தளர்வு இல்லய்யா. நீங்க பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவீங்க..."

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. நடக்கும்போது முழங்காலில் கேட்குமே, அந்த மாதிரி ஒரு சொடக்கு. டைல்ஸ் மேஸ்திரியின் கையில் இருந்த சுத்தியல் அப்படியே நின்றது. பீமின் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது.

ஆட்கள் துடைப்பங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். டைல்ஸ் மேஸ்திரி ஓடவில்லை. ஒரு முட்டைத் தோளில் தூக்கி, "எங்க வைக்கணும், சொல்லுங்க" என்றார். தண்ணீர் கட்டுகிறவனும் சேர்ந்துகொள்ள, மூன்று பேருமாக ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுத்தினார்கள். மேஸ்திரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆப்பு அடித்தார். கண்ணில் தூள் விழுந்தது, துடைக்கவில்லை. விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சொடக்குச் சத்தம் பதினெட்டாவது முட்டை நிறுத்தியபோது அடங்கியது. பீம் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். நர்ஸ் அவரைப் பார்த்ததும், "எங்கய்யா போனீங்க?" என்று கத்தினாள்.

பதினோரு மணிக்கே உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கிறது. கருமுட்டைப் பையையும் சேர்த்து எடுக்க வேண்டும், ரத்தமும் ஏற்ற வேண்டும். அதற்குத் தனியாக ஒரு தாள், தனியாக ஒரு கையெழுத்து, ரத்த சம்பந்தமுள்ளவரோ கணவரோ போட வேண்டும். நாற்பது நிமிஷம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைசியில் பக்கத்துக் கட்டில்காரிக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மா, "நான் அவளோட அக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்த அம்மா யார் என்று மேஸ்திரிக்குத் தெரியாது. கும்பிட்டபோது அவள், "போய்ப் பொண்டாட்டியைப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். மனைவி வெளுத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து விசாரணை நடந்தது. இன்ஜினியர் தன் கடிதத்தின் எண்ணைச் சொன்னார். அது சரியான எண்தான் என்று உறுதிசெய்து அவரை அனுப்பிவிட்டார்கள். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள்.

"இந்தத் தாள் நீங்க எழுதினதா?"

"ஆமாங்க. பொய்தான் எழுதினேன். அதனாலதான் டைல்ஸ்காரங்க வந்தாங்க. பதினோரு பேரு அடியில இருந்தாங்க. அது என் தப்பு." இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை அவர் நிறுத்தாமல் சொன்னார். "ஆனா அந்தத் தளத்துக்கு இருபத்தோரு நாள் வேணும். அதையும் எழுதிக்கங்க."

"இப்படி எழுதலாம்னு யார் சொல்லிக்குடுத்தாங்க?"

ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கணினிப் பெண்ணின் விரல்கள் நின்றன.

"யாரும் இல்ல. நானேதான்."

தட்டச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

தலைமை இயக்குநர் முடிவைச் சொன்னார். "கூரை இறங்கினது ஒரு சம்பவம். எங்கயும் நடக்கறதுதான். ஆனா அட்டவணைல பொய் ஏறினது குற்றம். இந்த வாரியத்தோட அஸ்திவாரமே நம்பிக்கை. சுவர்ல இருக்கற ஒரு பச்சைக் கட்டம் பொய்யின்னு ஆயிட்டா மத்ததை எல்லாம் நாங்க போய்ப் பாக்க வேண்டி வரும். அதுக்கு எங்களுக்கு நேரம் எங்க இருக்கு?"

மேஸ்திரி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த மாதம் தளர்வு அதிகாரி துணை இயக்குநரானார். பீமைப் பலப்படுத்தும் வேலைக்கு எழுபது நாள் ஒதுக்கினார்கள். அது தொடங்குவதற்கு முன்பே அதிலிருந்து இருபது நாள் மீட்கப்பட்டது.

மனைவி ஆறு வாரம் படுக்கையில் இருக்க வேண்டும். மேஸ்திரி சமைத்தார், துணி துவைத்தார், மாத்திரைகளை நேரம் பார்த்துக் கொடுத்தார். வேலை போனதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வேலை போன நாலாவது நாள் மத்தியானம் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"உள்ள எனக்கு நல்லாக் கேட்டுச்சு. உங்களைக் கூப்பிட்டாங்க. மூணு தடவை. வெளிய போய்க் கூப்பிட்டாங்க, வராந்தால கூப்பிட்டாங்க, அப்புறம் மைக்ல. நானே கையெழுத்துப் போடறேன்னு சொன்னேன். படுத்திருக்கறவங்க போடக் கூடாதாம்."

மேஸ்திரி தலையணையைப் பிடித்தபடியே நின்றார்.

"சைட்டுக்குத்தான் போயிருப்பீங்கன்னு தெரியும். போனது தப்புன்னு சொல்லல. பதினோரு பேரும் நல்லா இருக்கட்டும்." அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா மூணாவது தடவை கூப்பிட்டப்பவும் இதோ வந்துருவாருன்னுதான் நினைச்சேன்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.